மோட்டார் சைக்கிளில் மூன்று சத்தங்கள்: என்ஜினைப் பிரிக்கும் முன் பார்க்க வேண்டியவை

ஒட்டுசுட்டானைச் சேர்ந்த ஒருவர் தமது 100 சிசி மோட்டார் சைக்கிளில் மூன்று சத்தங்கள் கேட்பதாக எழுதியிருக்கிறார். முதலாவது, வண்டி நின்றபடி ஓடும்போதும் என்ஜினின் மேற்பகுதியிலிருந்து வரும் ‘டிக் டிக்’. இரண்டாவது, முத்தையன்கட்டுப் பக்கமுள்ள கிரவல் வீதிகளில் வண்டியின் பின்புறத்திலிருந்து எழும் ‘கடகட’. மூன்றாவது, மாரி முடிந்த பிறகு தொடங்கியது: மாங்குளம் – முல்லைத்தீவு வீதியில் வேகம் 50ஐத் தாண்டினால் கேட்கும் ஓர் ஊளை. கடகடச் சத்தம் போகட்டும் என்று செயினை நன்றாக இறுக்கியதாகவும், அது ஓரளவு அடங்கியதாகவும், மழைக்காலத்தில் தண்ணீர் பாய்ந்த தாம்போதிகளைப் பலமுறை கடந்ததாகவும் சொல்கிறார். கராஜ் ஒன்றில் காட்டியபோது, என்ஜினைப் பிரித்துக் கிராங்கை (பிஸ்டனின் ஏற்ற இறக்கத்தைச் சுழற்சியாக மாற்றும் தண்டை) மாற்ற வேண்டும் என்று கூறினார்களாம். அது சரிதானா, காலபோக அறுவடை முடியும்வரை அப்படியே ஓடலாமா என்பதே கேள்வி.

நீங்கள் விவரித்திருப்பதை வைத்துப் பார்த்தால், இவை ஒரே கோளாறின் மூன்று வெளிப்பாடுகள் அல்ல. மூன்றும் வெவ்வேறு இடங்களில் பிறப்பவை, அவற்றில் ஒன்றுகூடக் கிராங்கைக் குற்றம் சொல்லப் போதுமானதில்லை. சத்தத்தை ஆராயும்போது பெரும்பாலானோர் அது எப்படி ஒலிக்கிறது என்பதிலேயே நின்றுவிடுகிறார்கள். ஒருவருக்கு ‘டிக் டிக்’ என்று கேட்பது இன்னொருவருக்கு ‘தட் தட்’ என்று கேட்கும், ஆகவே அதை வைத்து எதையும் முடிவு செய்ய இயலாது. அந்தச் சத்தம் எதனுடைய வேகத்தைப் பின்தொடர்கிறது என்பதை அறிவதுதான் பயன் தரும். வண்டியில் சுழலும் பாகங்கள் எல்லாம் ஒரே வேகத்தில் சுழல்வதில்லை. கிராங் ஒரு வேகத்தில் சுழல்கிறது, வால்வுகளைத் திறக்கும் கேம் அதன் பாதி வேகத்தில் சுழல்கிறது, சக்கரமோ வீதியின் வேகத்துக்கு ஏற்பச் சுழல்கிறது. சத்தம் இவற்றில் எதனுடன் கூடிக் குறைகிறது என்று தெரிந்துவிட்டால், தேட வேண்டிய இடம் பாதிக்குமேல் சுருங்கிவிடும்.

இதற்கான முதற் சோதனைக்கு எந்தக் கருவியும் தேவையில்லை. வாகனங்கள் குறைந்த நேரத்தில் நேரான காப்பெற் (தார்) வீதி ஒன்றில் ஊளை கேட்கும் வேகத்துக்குச் சென்று, அக்சிலேற்றரை முழுவதும் விட்டுவிட்டுக் கிளச்சைப் பிடியுங்கள். என்ஜின் மெதுவான ஓட்டத்துக்கு இறங்கிவிடும், ஆனால் வண்டி அதே வேகத்தில் உருண்டுகொண்டிருக்கும். ஊளை உடனே நின்றால் அது என்ஜினைச் சேர்ந்தது. நிற்காமல், வண்டியின் வேகம் குறையக் குறைய மெல்லத் தாழ்ந்தால் அது சக்கரம், செயின், பிரேக், டயர், அல்லது கியர்ப்பெட்டியின் வெளிப்பக்கத் தண்டு ஆகியவற்றில் ஒன்றைச் சேர்ந்தது. கடைசியாகச் சொன்ன தண்டைப் பலர் மறந்துவிடுகிறார்கள். கிளச்சைப் பிடித்தாலும் நியூட்ரலுக்கு மாற்றினாலும், முன் ஸ்புரொக்கற் (செயின் மாட்டியிருக்கும் பல்சக்கரம்) பூட்டியிருக்கும் அந்தத் தண்டு சக்கரத்தோடு சேர்ந்து சுழன்றுகொண்டே இருக்கும். வேகத்தோடு மட்டும் தொடர்புடையது என்று நீங்கள் எழுதியிருப்பதால், உங்கள் ஊளை இந்த இரண்டாவது வகைதான் என்று நினைக்கிறேன், ஆயினும் சோதித்து உறுதி செய்துகொள்ளுங்கள்.

அடுத்த சோதனையை வீட்டு முற்றத்தில் செய்யலாம். வண்டியை நடு ஸ்டாண்டில் நிறுத்தி, நியூட்ரலில் வைத்து, பின்சக்கரத்தைக் கையால் மெதுவாகச் சுற்றுங்கள். டயரில் ஓரிடத்திலும், செயினின் ஒரு கண்ணியிலும் சுண்ணாம்புக் கட்டியால் அடையாளம் போட்டுக்கொள்ளுங்கள். எங்காவது ‘டுக்’ என்ற ஒலியோ, கை உணரும் ஓர் இறுக்கமோ வந்தால், அது எத்தனை சுற்றுக்கு ஒருமுறை வருகிறது என்று எண்ணுங்கள். இத்தகைய வண்டிகளில் முன் ஸ்புரொக்கற்றில் ஏறத்தாழ 14 பற்களும் பின் ஸ்புரொக்கற்றில் அதைப்போல் மூன்று மடங்கும் இருக்கும், செயினில் நூற்றுக்கும் சற்று அதிகமான கண்ணிகள் இருக்கும். ஆகவே சக்கரம் ஒருமுறை சுற்றும்போது சத்தமும் ஒருமுறை வந்தால் கோளாறு சக்கரத்திலோ, பிரேக் டிரம்மிலோ, பின் ஸ்புரொக்கற்றிலோ இருக்கிறது. சக்கரம் ஒருமுறை சுற்றுவதற்குள் மூன்றுமுறை வந்தால் முன் ஸ்புரொக்கற்றைப் பார்க்க வேண்டும். சக்கரம் ஏறத்தாழ இரண்டரைச் சுற்றுச் சுற்றிய பிறகே ஒருமுறை வந்தால், செயினில் ஏதோ ஒரு கண்ணி துருப்பிடித்து மடங்காமல் நிற்கிறது, அது எந்தக் கண்ணி என்பதைச் சுண்ணாம்பு அடையாளம் காட்டிக்கொடுக்கும். இந்தக் கணக்கு கராஜுக்குப் போகாமலேயே கிடைக்கும் மிகத் தெளிவான சாட்சி, அதனால்தான் இதை இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

இப்போது நீங்கள் செயினை இறுக்கிய விடயத்துக்கு வருகிறேன். உங்கள் கடிதத்தில் எனக்கு மிகவும் கவலை தந்தது அந்த வரிதான். செயின் தளர்ந்திருந்தால் அது செயின் உறையிலும், பின்சக்கரத்தைத் தாங்கும் சுவிங் ஆமிலும் அடித்துக் கடகடக்கும் என்பது உண்மை, இறுக்கினால் அந்தச் சத்தம் அடங்கும் என்பதும் உண்மை. ஆனால் ஸ்டாண்டில் நிற்கும்போது செயினின் நடுப்பகுதி மேலும் கீழுமாக 20 முதல் 30 மில்லிமீற்றர் வரை அசைய வேண்டும் என்று இத்தகைய வண்டிகளின் கையேடுகள் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. ஆளும் சுமையும் ஏறியதும் பின்புறம் தாழ்கிறது, முன் ஸ்புரொக்கற், சுவிங் ஆமின் அச்சு, பின் அச்சு ஆகிய மூன்றும் ஏறத்தாழ ஒரே கோட்டுக்கு வருகின்றன, அந்த நிலையில்தான் இரு ஸ்புரொக்கற்றுகளுக்கும் இடையிலான தூரம் மிக அதிகம். வெறும் வண்டியில் அசைவே இல்லாதபடி இறுக்கப்பட்ட செயின், பின்னால் ஒரு நெல் மூட்டையை ஏற்றிக்கொண்டு கிரவல் பள்ளத்தில் இறங்கும்போது நீள்வதற்கு இடமின்றி, கியர்ப்பெட்டித் தண்டின் பெயாரிங்கையும் பின்சக்கரத்தின் நடுப்பகுதியான ஹப்பின் பெயாரிங்கையும் இழுக்கிறது. அந்த இழுவை தொடர்ந்தால் பெயாரிங்குகள் ஊளையிடத் தொடங்கும். உங்கள் மூன்றாவது சத்தத்துக்கு, இரண்டாவது சத்தத்துக்குச் செய்த வைத்தியமே காரணமாக இருக்கக்கூடும்.

ஆகவே முதலில் செயினை மீண்டும் உரிய அளவுக்குத் தளர்த்துங்கள். சக்கரத்தைச் சுற்றி, செயின் மிக இறுக்கமாக இருக்கும் இடத்தைக் கண்டுபிடித்து, அந்த இடத்தில் அளவெடுக்க வேண்டும். ஓரிடத்தில் 20 மில்லிமீற்றரும் இன்னோரிடத்தில் 45 மில்லிமீற்றரும் காட்டினால் அந்தச் செயின் சீராகத் தேயவில்லை என்று பொருள், எவ்வளவு திருகினாலும் அது சரிவராது. அப்போது செயினையும் இரு ஸ்புரொக்கற்றுகளையும் சேர்த்தே மாற்ற வேண்டும், ஏனெனில் தேய்ந்த பற்கள் புதிய செயினை விரைவில் கெடுத்துவிடும். வன்னியின் சிவந்த கிரவல் தூசு ஒயிலோடு கலந்தால் அரைக்கும் பசையாகிவிடும் என்பதால், பழைய ஒயிலின் மேலேயே புதிய ஒயில் ஊற்றும் வழக்கத்தை விட்டுவிடுங்கள். மண்ணெண்ணெயில் நனைத்த தூரிகையால் செயினைக் கழுவி, உலர விட்டு, பின்னர் 90ஆம் இலக்கக் கியர் ஒயிலைக் கண்ணிகளின் உட்பக்கத்தில் அளவோடு விட்டு, வழிவதைத் துணியால் துடைத்துவிடுவது போதும். பாவித்த என்ஜின் ஒயிலைச் செயினுக்கு ஊற்றுவது சிக்கனம் போலத் தோன்றினாலும், அதில் ஏற்கெனவே இரும்புத் துகளும் கரியும் இருக்கின்றன.

தாம்போதியைக் கடந்தது இன்னொரு சாத்தியத்தைத் திறக்கிறது. ஓடிச் சூடான ஹப் திடீரெனக் குளிர்ந்த நீரில் இறங்கும்போது உள்ளே இருக்கும் காற்றுச் சுருங்கி, தேய்ந்த சீல் வழியாகத் தண்ணீரை உள்ளிழுக்கிறது. கிறீஸ் கழுவப்படுகிறது, பெயாரிங்கின் உருளைகளில் துரு ஏறுகிறது, சில வாரங்களில் ஊளை தொடங்குகிறது. 2018 டிசெம்பரில் கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களை மூழ்கடித்த வெள்ளம் போல வண்டி முழுவதும் நீரில் நின்றிருக்க வேண்டும் என்பதில்லை, அச்சு மட்டத்துக்கு நீர் வந்தாலே இதற்குப் போதும். சோதிப்பது எளிது. ஸ்டாண்டில் நிற்கும் வண்டியின் சக்கரத்தை ஒரு கையால் மேற்புறத்திலும் மறு கையால் கீழ்ப்புறத்திலும் பிடித்து, எதிரெதிராக ஆட்டிப் பாருங்கள். ‘டக் டக்’ என்று ஓர் ஆட்டம் தெரிந்தால் பெயாரிங் போய்விட்டது. சக்கரமும் சுவிங் ஆமும் சேர்ந்தே ஆடினால் சுவிங் ஆமின் புஷ் தேய்ந்திருக்கிறது. ஆட்டம் தெரியாவிட்டால் செயினைக் கழற்றிவிட்டுச் சக்கரத்தைச் சுற்றி, சுவிங் ஆமில் கையை வைத்து அதிர்வை உணருங்கள். பின்னர் முன் ஸ்புரொக்கற்றைத் தனியாகக் கையால் சுற்றிப் பாருங்கள். கரகரப்பு எந்தப் பக்கத்தில் இருக்கிறதோ, அந்தப் பெயாரிங்கே குற்றவாளி. ஹப் பெயாரிங் மலிவானது, எந்த உதிரிப்பாகக் கடையிலும் அதன் மேல் பொறித்திருக்கும் எண்ணைச் சொல்லி வாங்கலாம், ஒரு மணி நேர வேலை. கியர்ப்பெட்டித் தண்டின் பெயாரிங்காக இருந்தால் மட்டுமே என்ஜினின் கீழ்ப்பாகத்தைப் பிரிக்க வேண்டி வரும். அப்போதும் கிராங்கை மாற்றக் காரணமில்லை.

டயரையும் ஒருமுறை தடவிப் பாருங்கள். கிரவலிலும் காப்பெற்றிலும் மாறி மாறி ஓடும் டயரின் பூக்கள் ஒரு பக்கம் உயர்ந்தும் மறுபக்கம் தாழ்ந்தும் தேய்வதுண்டு, அதுவும் பெயாரிங் போலவே ஊளையிடும். வீதியின் மேற்பரப்பு மாறும் இடத்தில் ஊளையின் தன்மையும் மாறினால் டயர், மாறாவிட்டால் பெயாரிங்.

கடகடச் சத்தத்தைப் பொறுத்தவரை அதிகம் எழுத வேண்டியதில்லை. செயினை உரிய அளவில் வைத்த பிறகும் அது கேட்டால், இருக்கையைக் கையால் அழுத்தி விட்டு விட்டுப் பாருங்கள். செயின் உறையின் ஆணிகள், சைலன்சரைத் தாங்கும் ஆணி, பின்னால் பூட்டிய கரியர், இலக்கத் தகடு, பின் சொக்கப்சோபரின் இரு முனைகளிலும் உள்ள றப்பர் புஷ், இவற்றில் ஒன்றாகத்தான் இருக்கும். அக்சிலேற்றரைக் கொடுக்கும்போதும் விடும்போதும் ‘டொக்’ என்று ஓர் உதை கேட்டால், பின் ஹப்பினுள் ஸ்புரொக்கற்றைத் தாங்கும் றப்பர்கள் நசிந்துவிட்டன. சைலன்சரின் உள்ளே ஏதோ உருள்வதுபோல் கேட்டால் உட்தகடு துருப்பிடித்துக் கழன்றிருக்கும். முல்லைத்தீவுக் கரையோரத்தில் உப்புக் காற்றில் நிற்கும் வண்டிகளில் அது அடிக்கடி நேர்கிறது, குறுந்தூரமே ஓடும் வண்டிகளில் உள்ளே நீர் ஆவியாகாமல் தங்குவதாலும் நேர்கிறது.

இனி அந்த ‘டிக் டிக்’. கராஜில் கிராங் என்று சொல்ல வைத்தது இதுவாகத்தான் இருக்கும். முதலில் ஒயில் மட்டத்தைப் பாருங்கள். வண்டியைச் சமதரையில் நடு ஸ்டாண்டில் நிமிர்த்தி நிறுத்தி, கையேடு சொல்லும் முறையில் குச்சியைச் செருகி அளக்க வேண்டும். பல 100 சிசி வண்டிகளில் குச்சியைத் திருகாமல் வைத்துத்தான் அளவெடுக்க வேண்டும், திருகி அளந்தால் இருப்பதைவிட அதிகமாகக் காட்டும். ஒயில் குறைந்தால் முதலில் வறள்வது கேமும், அதன் அசைவை வால்வுகளுக்குக் கடத்தும் ராக்கர்களும் இருக்கும் மேற்பகுதி, ஆகவே சத்தமும் அங்கேதான் முதலில் பிறக்கும். ஒயில் பால் கலந்த தேநீர் நிறத்தில் இருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது, ஓடாமல் உடனே மாற்ற வேண்டும். கார்களுக்கான ஒயிலை ஊற்றாதீர்கள். மோட்டார் சைக்கிளில் கிளச்சும் அதே ஒயிலில் நனைகிறது, காருக்கான சில ஒயில்களில் உராய்வைக் குறைக்கும் சேர்மானங்கள் இருப்பதால் கிளச் வழுக்கும். போத்தலில் ஜாசோ எம்ஏ என்ற தரக்குறியீடு இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

ஒயில் சரியாக இருந்தால், மெதுவான ஓட்டத்தில் சைலன்சரின் ‘புக் புக்’ ஒலியையும் ‘டிக் டிக்’ ஒலியையும் ஒப்பிட்டுக் கேளுங்கள். நாலு அடி என்ஜினில் கிராங் இருமுறை சுற்றும்போது ஒரு வால்வு ஒருமுறைதான் திறக்கிறது, புகையும் ஒருமுறைதான் வெளியேறுகிறது. நிமிடத்துக்கு 1400 சுற்று ஓடும் என்ஜினில் இது வினாடிக்கு ஏறத்தாழ 12 முறை. ஒவ்வொரு ‘புக்’குக்கும் ஒரு ‘டிக்’ என்ற கணக்கில் இரண்டும் சேர்ந்தே ஓடினால் சத்தம் வால்வுப் பக்கத்தில்தான் இருக்கிறது, பெரும்பாலும் டப்பெற் இடைவெளி (ராக்கரின் திருகுக்கும் வால்வின் முனைக்கும் இடையிலுள்ளது) கூடியிருக்கும். இரண்டு டப்பெற்றும் தளர்ந்திருந்தால் ஒவ்வொரு ‘புக்’குக்கும் இரண்டு ‘டிக்’ கேட்கும், அதை வைத்துக் கீழ்ப்பகுதி என்று அவசரப்படக் கூடாது. இடத்தை உறுதி செய்ய, நீண்ட ஸ்குரூ டிரைவர் ஒன்றின் முனையை என்ஜினில் வைத்து, பிடியைக் காதுக்குப் பின்னால் உள்ள எலும்பில் அழுத்திக் கேளுங்கள். சிலிண்டர் தலையின் மூடியில் கூர்மையாகவும் கிராங் பெட்டியில் மங்கலாகவும் கேட்டால் முடிவு தெளிவு. தொங்கும் சட்டைக் கை, சால்வை போன்றவை சுழலும் பாகங்களிலும் சூடான சைலன்சரிலும் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

இங்கே பலரும் தடுமாறும் ஓர் இடம் உண்டு. சைலன்சர்க் குழாய் சிலிண்டர் தலையில் சேருமிடத்தில் கசிவைத் தடுக்க வைத்திருக்கும் காஸ்கற் கசிந்தாலும் டப்பெற் போலவே ‘டிக் டிக்’ என்று கேட்கும், அதுவும் ஒவ்வொரு ‘புக்’குக்கும் ஒன்றாகவே வரும். வேறுபாட்டைக் கண்டறிய, இரவு முழுவதும் குளிர்ந்திருந்த வண்டியைக் காலையில் இயக்கியவுடன், குழாயைத் தொடாமல் அந்த இணைப்பின் அருகே கையை நீட்டிப் பாருங்கள். காற்று விட்டு விட்டு உதைத்தால் கசிவுதான், இணைப்பைச் சுற்றிக் கரி படிந்திருப்பதும் அதற்கு அடையாளம். அக்சிலேற்றரை விடும்போது ‘பட படார்’ என்று வெடிப்பதும் சில வண்டிகளில் இந்தக் கசிவால்தான்.

டப்பெற் என்று உறுதியானால், இடைவெளியை என்ஜின் குளிர்ந்திருக்கும்போதே அளக்க வேண்டும். முதல் நாள் மாலை நிறுத்திய வண்டியை மறுநாள் விடியலில் அளப்பது நல்லது, நம் வெயிலில் நண்பகலில் வெறுமனே நிற்கும் என்ஜின்கூடக் குளிர்ந்ததாகாது. இடப்பக்க மூடியிலுள்ள சிறு துளையில் ‘டி’ குறி தெரியும்வரை என்ஜினைச் சுற்றி, இரண்டு ராக்கர்களும் சற்றே ஆடுகின்றனவா என்று பார்க்க வேண்டும். ஆடாவிட்டால் பிஸ்டன் தவறான சுற்றில் மேலே நிற்கிறது, இன்னும் ஒரு முழுச் சுற்றுச் சுற்ற வேண்டும். இத்தகைய சிறு என்ஜின்களில் இடைவெளி பொதுவாக ஒரு மில்லிமீற்றரின் பத்தில் ஒரு பங்கோ அதற்கும் குறைவோதான், உங்கள் வண்டிக்குரிய சரியான எண் கையேட்டில் இருக்கும். தகட்டு அளவி இல்லாமல், காதால் கேட்டபடி டப்பெற்றைத் திருகிச் சத்தத்தை அடக்கும் மெக்கானிக்கிடம் வண்டியைக் கொடுக்காதீர்கள். முழுக்க அமைதியான டப்பெற்றை நான் நம்புவதில்லை. இடைவெளி இல்லாமற்போனால், சூடேறியதும் வால்வு இருக்கையில் முழுமையாக உட்காராது, எரியும் வாயு அதன் விளிம்பைத் தின்னும். அப்போது சத்தம் இருக்காது, சில மாதங்களில் கொம்பிரஷனும் இருக்காது. மெல்லிய ஒரு ‘டிக்’ இருப்பது வண்டிக்கு நல்லது.

இடைவெளி சரியாக இருந்தும் சிலிண்டரின் இடப்பக்கத்தில் சங்கிலி உரசுவதுபோன்ற ஒலி, குறிப்பாக அக்சிலேற்றரை விடும்போது கேட்டால், அது கேமைச் சுழற்றும் டைமிங் செயினும் அதை இறுக்கிப் பிடிக்கும் டென்சனரும். குளிர்ந்த என்ஜினில் மட்டும் மந்தமாகத் தட்டி, ஐந்து நிமிட ஓட்டத்தில் மறைந்தால் பிஸ்டன் சிலிண்டரில் சற்றுத் தளர்வாக இருக்கிறது. புகை விடாமலும் ஒயில் குறையாமலும் இருக்கும்வரை அது நெடுங்காலம் ஓடும். நியூட்ரலில் கேட்டுக் கிளச்சைப் பிடித்ததும் மறைந்தால், கிளச் கூடையையோ கியர்ப்பெட்டியின் உட்பக்கத் தண்டையோ பார்க்க வேண்டும்.

கிராங்கின் சத்தம் இவை எதையும் போன்றதல்ல. பிஸ்டனையும் கிராங்கையும் இணைக்கும் கொனெக்டிங் ரொட்டின் பெரிய பெயாரிங் தேய்ந்தால், என்ஜினின் அடியிலிருந்து கனமான ‘டொக் டொக்’ எழும். சுமையோடு அக்சிலேற்றரைக் கொடுக்கும்போது கூடும், சூடேறினாலும் குறையாது, மாறாக வளரும். கால் வைக்கும் கம்பியிலும் அந்த அதிர்வு தெரியும். இதனோடு குழப்பிக்கொள்ளக்கூடியது பெற்றோல் தானாக வெடிப்பதால் வரும் தட்டல். அது உயர் கியரில், குறைந்த வேகத்தில், சுமையோடு இழுக்கும்போது மட்டும் கூழாங்கல் குலுக்குவதுபோல் கேட்டு, கியரைக் குறைத்ததும் நின்றுவிடும். 1990களின் பொருளாதாரத் தடைக் காலத்தில், சில துளி பெற்றோலில் இயக்கி மண்ணெண்ணெயில் ஓட்டிய வண்டிகளில் இந்தத் தட்டல் அன்றாட ஒலியாக இருந்தது. தானாக வெடிக்காமல் தாங்கும் திறனைக் காட்டும் ஒக்டேன் அளவு மண்ணெண்ணெயில் பெற்றோலைவிட மிகத் தாழ்ந்தது என்பதே காரணம். வன்னியின் பழைய மெக்கானிக்குகள் இதைக் கிராங் சத்தத்திலிருந்து கண்ணை மூடிக்கொண்டு பிரித்தறிவார்கள். உங்கள் வண்டிக்கு 92 ஒக்டேன் பெற்றோல் போதுமானது. அதை ஊற்றியும் தட்டல் கேட்டால், கலப்படம், சிலிண்டர் தலையில் படிந்த கரி, முந்திவிட்ட இக்னிஷன் நேரம் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும்.

இன்னும் ஒன்று. ஒட்டுசுட்டானிலிருந்து மாங்குளம் பக்கம் போகும்போது இருபுறமும் காடு, எழும் சத்தம் எதிலும் பட்டுத் திரும்புவதில்லை. ஹெல்மெற்றும் அணிந்திருப்பதால் பாதிக்குமேல் உங்கள் காதுக்கு வராது. பாடசாலை மதிலோ கடைச் சுவரோ உள்ள இடத்தில் அதன் ஓரமாக மெதுவாகச் சென்று கேளுங்கள், அல்லது இன்னொருவரைப் பின்னிருக்கையில் ஏற்றிக் குனிந்து கேட்கச் சொல்வதற்குப் பதிலாக, நீங்கள் கடந்து செல்லும்போது அவரை வீதியோரத்தில் நின்று கேட்கச் சொல்லுங்கள்.

அறுவடைவரை ஓடலாமா என்ற கேள்விக்கு மூன்று விடைகள் சொல்ல வேண்டியிருக்கிறது. ‘டிக் டிக்’கோடு, ஒயில் மட்டம் சரியாக இருக்கும்வரை தாராளமாக ஓடலாம், ஆனால் அளவெடுக்க அரை மணி நேரமே ஆகும் என்பதால் தள்ளிப்போடக் காரணமில்லை. கடகடச் சத்தத்தோடும் ஓடலாம், செயின் உறையும் சைலன்சரும் கழன்று விழாது என்று உறுதி செய்த பிறகு. ஊளையோடு மூட்டை ஏற்ற வேண்டாம். ஹப் பெயாரிங் உடைந்தால் சக்கரம் ஓட்டத்திலேயே சரிந்து இறுகக்கூடும், ஆகவே செயினை இன்றே தளர்த்துங்கள், பெயாரிங்கை இந்த வாரமே பாருங்கள். இவற்றுக்கு இடையில் எப்போதாவது அந்தக் கனமான ‘டொக் டொக்’ அடியிலிருந்து கேட்டால் மட்டும், வீடு கிட்டத்தானே என்று ஓட்டாமல் அந்த இடத்திலேயே என்ஜினை நிறுத்தி, மறுபடி இயக்காமல், லான்ட்மாஸ்டர் (இரு சக்கர உழவு இயந்திரம்) பெட்டியில் ஏற்றிக்கொண்டு போங்கள். அதன் பிறகு கராஜில் கிராங் என்று சொன்னால் ஒப்புக்கொள்ளலாம், ஆனால் பிரித்த ரொட்டை அசைத்துக் காட்டச் சொல்லி, பழைய பாகத்தையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.